எட்டாத உயரத்தில் யன்னல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் கூரை யன்னல் கடிதங்களும் தொடங்கிவிடும். வந்தவற்றில் ஒரே கேள்வியைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். அளவும் வகையும் எழுதாமல் "எங்கள் யன்னல் திறக்கவில்லை, என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கே: மாடியறைச் சாய்கூரையில் நடுவில் சுழலும் யன்னல் இருக்கிறது. ஏழடி உயரம். உட்பக்கம் துடைக்கிறோம். வெளிப்பக்கத்துக்கு யாரை ஏற்றுவது? (தெஹிவளை)

ப: யாரையும் ஏற்ற வேண்டாம். உள்ளே நின்று துடைப்பதற்காகத்தான் அதை நடுவில் சுழல வைத்திருக்கிறார்கள். மேலேயுள்ள கைபிடிச் சட்டத்தை இழுத்துக் கதவை முழுதாகக் கவிழ்த்தால் வெளிக்கண்ணாடி உங்கள் பக்கம் வந்துவிடும். கதவின் ஓரத்தில் விரல் நீளத்தில் ஒரு திறாங்கு இருக்கும். அதை நிலைச்சட்டத்துத் துளைக்குள் தள்ளிப் பூட்டிய பிறகே துடைக்கத் தொடங்குங்கள். பூட்டாமல் அழுத்தித் தேய்த்தால் கதவு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

கவிழ்க்கும்போது சருகும் மண்ணும் கொட்டும், கீழே பழைய விரிப்பொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த துணியை எடுக்காதீர்கள். கடற்காற்றின் உப்பும் புழுதியும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நனைந்த ஸ்பொஞ்சால் ஒற்றி உப்பைக் கரையுங்கள். பிறகு அரை வாளித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். இறப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் அதன் விளிம்பைத் துடையுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள். வெயிலில் சுட்ட கண்ணாடியில் சவர்க்காரம் அப்படியே காய்ந்து கறையாகும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கவும் கூடும்.

கே: வினாகிரியும் பழைய பத்திரிகைத் தாளும் நல்லதா? (கொட்டாஞ்சேனை)

ப: கண்ணாடிக்குப் பரவாயில்லை. அலுமினியத்தில் வழிய விடாதீர்கள். தாளின் மை யன்னல் விளிம்பைச் சுற்றியுள்ள வெள்ளை இறப்பரில் ஏறினால் போகாது.

கே: படிக்கட்டுக்கு மேலே 14 அடியில் யன்னல். தடியால் சுற்றித் திறக்கும் வகை. கொக்கி வளையத்தில் மாட்டுவதே பெரும்பாடு. மாட்டினாலும் சுற்ற வரவில்லை. (வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்)

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு. தடி குட்டையாக இருந்தால் சாய்த்துப் பிடிக்க வேண்டி வரும், கொக்கி வழுக்கும். யன்னல் உயரத்தில் உங்கள் தோள் உயரத்தைக் கழியுங்கள். உங்களுக்குப் பத்தடித் தடி வேண்டும். நீட்டிச் சுருக்கும் தடி என்றால் பூட்டு இறுக்கமானதாகப் பார்த்து வாங்குங்கள். வளையத்துக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தால் கீழிருந்து தேடத் தேவையில்லை.

சுற்ற வராததற்குக் காரணம் உப்பு. திருகுதண்டின் புரிகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பலத்தைக் காட்டிச் சுற்றாதீர்கள், உள்ளே பற்சக்கரம் தேய்ந்து போனால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். பழைய பல்துலக்கியால் புரிகளைச் சுத்தம் செய்து, துடைத்து, லித்தியம் கிறீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: இரண்டு மாதத்தில் புழுதியோடு பசையாகிவிடும், எறும்பும் வரும். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றுவதானால் கடலோரத்துக்கு 316 தரத் துருவேறா உருக்கு. 304 அங்கே பழுப்பேறும்.

படியில் மடக்கேணி வைக்காதீர்கள். கால் உயரத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய சாரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, துடைப்பது, கிறீஸ் போடுவது, இறப்பர் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரே ஏற்றத்தில் முடியுங்கள்.

கே: மழைக்கு ஒழுகியது. மேசன் பாஸ் சுற்றிவர சிலிக்கன் அடித்தார். இப்போது யன்னலும் திறக்கவில்லை, ஒழுக்கும் நிற்கவில்லை. இன்னும் ஒரு ரியூப் அடித்தால் சரிவருமா? (பம்பலப்பிட்டி, வத்தளை, கொலன்னாவை)

ப: சரிவராது. கொழும்பில் கூரை யன்னல்களைக் கெடுப்பது மழையைவிட இந்தச் சிலிக்கன்தான்.

ஒழுக்கு கண்ணாடி விளிம்பில் தெரிவதால் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. யன்னலுக்கு மேலே, முகட்டுப் பக்கம், சருகு சேர்ந்து அணை கட்டும். தேங்கிய நீர், யன்னலைச் சுற்றிக் கூரையோடு பொருத்திய தகட்டு மடிப்பைத் தாண்டிக் கூரைச் சீற்றுக்கு அடியில் இறங்கி, மரத்தோடு ஓடி வந்து, உங்கள் யன்னல் மூலையில் சொட்டும். அதே தேக்கத்தில் டெங்கு நுளம்பும் வளரும். இன்னொன்று: அலுமினியச் சட்டத்தின் கீழ்விளிம்பில் சிறு வடிதுளைகள் இருக்கின்றன. உள்ளே புகுந்த கொஞ்ச நீரை வெளியே விடுவது அவற்றின் வேலை. பாஸ் முதலில் அடைப்பது அவற்றைத்தான்! பிறகு நீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வருகிறது. மரச்சட்டமாக இருந்தால் உளுத்துப் போகிறது. புளிப்பு மணம் வரும் மலிவு வகையை அடித்திருந்தால் நாகப்பூச்சுத் தகடு அரிக்கும், அடுக்குக் கண்ணாடியின் விளிம்பு வெளுக்கும்.

சரி, இனி என்ன செய்வது? திறக்கும் இடைவெளியில் மெல்லிய கட்டர் அலகை விட்டு மெதுவாக அறுங்கள். இறப்பர் வெட்டுப்படாமல் பாருங்கள், பட்டால் புதிது போடுங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். வடிதுளைகளை ஈர்க்கால் குத்தித் திறவுங்கள். அடுத்து ஒழுக்கைத் தேடுங்கள்: ஒருவர் உள்ளே பார்த்திருக்க, மற்றவர் குழாயால் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, பிறகு இரு பக்கங்கள், கடைசியாக மேல்பக்கம், இடத்துக்குப் பத்து நிமிடம் நீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் தெரியாது. மேல்பக்கத்தில் ஒழுகினால் மடிப்புத் தகட்டை மாற்றுங்கள். மேல் தகடு மேல் சீற்றுக்கு அடியில் குறைந்தது ஆறங்குலம் போக வேண்டும். கீழ்த் தகடு கீழ்ச் சீற்றுக்கு மேலே விழ வேண்டும். சிலிக்கனுக்கு வேலை தகடும் தகடும் சேரும் மூலையில் மட்டும், அதுவும் புளிப்பு மணமில்லாத வகை.

கே: அஸ்பெஸ்டஸ் கூரை. மகன் மெலிந்தவன், ஐம்பது கிலோதான். அவனை ஏற்றித் துடைப்பிக்கலாமா? (முகத்துவாரம்)

ப: கூடாது. பழைய சீற் ஐம்பது கிலோவுக்கும் உடையும். வெளிச்சத்துக்குப் போட்ட ஒளிபுகும் சீற் அதைவிட மோசம், பாசி பிடித்தால் எது எதென்று தெரியாது. உள்ளேயிருந்து தடியில் கட்டிய ஸ்பொஞ்சால் எட்டும் மட்டும் துடையுங்கள். மிகுதிக்கு, போல்ட் வரிசையின் மேல் குறுக்காகப் பலகை போட்டு, பாதுகாப்பு வார் கட்டி வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். பாசியைக் கம்பித் தூரிகையால் உரசவும் விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒழுங்கைகளில் மின்வயர் கூரையோரமாகவே போகிறது, அலுமினிய ஏணியும் தடியும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

கே: பொலிகாபனேற் சீற்றுக்குள் பச்சை படிகிறது. (வெள்ளவத்தை)

ப: அந்தப் பிளாஸ்டிக் சீற்றுக்குள் நீளவாக்கில் ஓடும் குழல்களின் வாய் திறந்திருக்கிறது. மேல் முனைக்கு அலுமினிய ரேப், கீழ் முனைக்கு நீர் வடியவிடும் துளை ரேப். உள்ளே பிடித்த பாசி முழுதாகப் போகாது. வெளியே தின்னர், அமோனியா, உரசும் தூள் எதுவும் ஆகாது. புதிய சீற் போட்டால் சூரியக் காப்புப் பூச்சுள்ள பக்கம் மேலே. எந்தப் பக்கம் என்பதைக் காட்டும், சீற்றில் ஒட்டியிருக்கும் எழுத்துத் தாளைப் பூட்டும்வரை கிழித்துத் தொலைத்துவிடாதீர்கள்.

கே: ஏசி போட்ட அறை. அதிகாலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் புகைபோல் மங்குகிறது. (பம்பலப்பிட்டி)

ப: அழுக்கல்ல. குளிர்ந்த கண்ணாடியில் வெளியீரம் படிகிறது, வெயில் ஏறினால் போகும். ஏசியை 26இல் வையுங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் மங்கினால் மட்டும் அந்தக் கண்ணாடித் தொகுதியை மாற்றுங்கள்.

கே: மோட்டர் யன்னல் நல்ல வெயிலிலும் தானாக மூடிக்கொள்கிறது. மோட்டர் பழுதா? (தெஹிவளை)

ப: மழையுணரியைப் பாருங்கள். அதன் முகத்தில் உப்போ காக எச்சமோ படிந்திருந்தால் மழையென்று எண்ணி மூடும். மின்னிணைப்பை நிறுத்தி, நனைந்த துணியால் துடைத்து, உலர விடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைக் கையால் இழுக்காதீர்கள், சங்கிலி வளையும். கதவோடு சங்கிலியைப் பிணைக்கும் ஊசியைக் கழற்றிய பிறகே அசையுங்கள். வழக்கம்போல, காலை ஒன்பதுக்கு முன்.