அமெரிக்காவில் சிறு மருத்துவக் கருவி நிறுவனம் எஸ்பிஐஆர் மானியம் வாங்குவது எப்படி?

எஸ்பிஐஆர் என்பது சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு பணம் தரும் திட்டம். கேள்வியைப் பார்த்தால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தைப் பதிந்துவிட்டு, கையில் ஒரு முன்மாதிரியோடு முதலீட்டாளர்களைத் தேடி அலுத்துப்போனவர்கள் என்று தோன்றுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "இலவசப் பணம்" என்று கூவும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், அதில் பாதிதான் உண்மை. பங்கு போகாது, திருப்பித் தரவும் வேண்டாம். ஆனால் விண்ணப்பம் எழுத இரண்டு மூன்று மாத உழைப்பு வேண்டும், பணம் கைக்கு வர அதற்கு மேலும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வழியில்லாத நிறுவனத்துக்கு இது உதவாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982-இல் சட்டமான இந்தத் திட்டம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டித்துக்கொடுப்பதால்தான் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 30-இல் அந்த அனுமதி காலாவதியானது. அதனால் விண்ணப்பம் கோரும் பழைய அறிவிப்பு எதையாவது இறக்கிவைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். அது நடப்பில் இருக்கிறதா, தேதியும் தொகையும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தப் பணத்தைப் பல அரசு அமைப்புகள் தருகின்றன. நான் எழுதுவது முக்கியமாக என்ஐஎச், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவகங்கள் பற்றி. "என் நண்பன் இதெல்லாம் செய்யாமலே வாங்கினானே" என்று கேட்க வருபவர்களுக்கு: பாதுகாப்புத் துறை பெரும்பாலும் தனக்கு வேண்டிய பொருளைச் சொல்லி ஒப்பந்தமாகத் தருகிறது, அங்கே விளையாட்டே வேறு. தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்-க்கு முதலில் ஒரு சுருக்கமான முன்மொழிவு அனுப்பி, அவர்கள் அழைத்தால்தான் முழு விண்ணப்பம். மருத்துவப் பரிசோதனைகளுக்கு அங்கே பணமும் கிடையாது.

முதல் கட்டம் உங்கள் பொருளை உருவாக்குவதற்கு அல்ல. நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் நிறைய இங்கேதான் விழுகின்றன. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் "இது நடக்குமா, நடக்காதா" என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதற்கான பணம் அது. நடக்கும் என்று தெரிந்த பிறகு, உருவாக்கும் வேலைக்கு இரண்டாம் கட்டம், சுமார் இரண்டு ஆண்டு. மூன்றாம் கட்டமான விற்பனைக்கு இந்தத் திட்டத்திலிருந்து ஒரு காசும் வராது.

உதாரணமாக, நீரிழிவுக்காரர்களின் பாதத்தில் புண் வருமுன் எச்சரிக்கும் வெப்ப உணரி வைத்த காலுறை என்று வைத்துக்கொள்வோம். இரு பாதங்களிலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்ப வேறுபாடு தொடர்ந்தால் அது எச்சரிக்கைக் குறி என்பது மருத்துவ இலக்கியத்தில் உள்ள அளவு. "காலுறையை உருவாக்கி, செயலியை எழுதி, நோயாளிகளிடம் சோதிப்போம்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். "வியர்வை ஈரமும் உடல் எடையின் அழுத்தமும் உள்ள செயற்கைப் பாதத்தில் 8 மணி நேரத்துக்குப் பிறகும் உணரியின் பிழை 0.3 டிகிரிக்குள் நிற்கிறதா? 30 முறை துவைத்த பிறகும் நிற்கிறதா?" என்று எழுதுங்கள். 2.2-ஐப் பிடிக்க வேண்டிய கருவி ஏன் 0.3-க்குள் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி காரணம், எத்தனை உணரிகளில் சோதிப்பீர்கள் என்பதற்குப் புள்ளியியல் கணக்கு, தவறினால் மாற்று உணரி எது என்பது, இவ்வளவும் வேண்டும். வெற்றியா தோல்வியா என்று தீர்க்கிற எண் இல்லாத இலக்கு, இலக்கே அல்ல.

இடமும் அதிகமில்லை. நோக்கங்களுக்கு 1 பக்கம், ஆராய்ச்சித் திட்டத்துக்கு 6 பக்கம். அந்த 1 பக்கத்தை முதலில் எழுதி, விண்ணப்பிக்கும் முன்பே சம்பந்தப்பட்ட நிறுவகத்தின் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். "இது எங்கள் பக்கம் வராது, வேறு நிறுவகத்தைப் பாருங்கள்" என்ற பதில் வந்தால்கூட அது பல மாதங்களை மிச்சப்படுத்தும். மனிதர்களிடம் சோதிப்பதாக இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுமதி உள்ள அறிவிப்பு தனி, இல்லாதது தனி. மாற்றிப் போட்டால் மதிப்பீட்டுக்குப் போகாமலே திரும்பி வரும்.

இனிப் பணக் கணக்கு. என்ஐஎச் முதல் கட்ட உச்சவரம்பு 2024 கணக்கில் சுமார் 3,14,000 டாலர். நேரடிச் செலவு 2,00,000 என்று போடுங்கள். வாடகை, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு அரசோடு பேசி முடிவான விகிதம் இல்லாத சிறு நிறுவனம் நேரடிச் செலவில் 40 சதவீதம் வரை கேட்கலாம், அது 80,000. மொத்தம் 2,80,000-க்கு 7 சதவீதம் வரை கட்டணம், அதாவது லாபம், 19,600. ஆக 2,99,600. இந்தக் கடைசி வரியைக் கேட்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேளுங்கள், நேரடிச் செலவாகக் காட்ட முடியாத காப்புரிமைச் செலவு மாதிரியானவற்றுக்கு அதுதான் கைகொடுக்கும்.

எஸ்பிஐஆர் முதல் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை உங்கள் நிறுவனத்துக்குள் நடக்க வேண்டும். வெளியே போவது, அதாவது பல்கலைக்கழகத் துணை ஒப்பந்தமும் ஆலோசகர் கூலியும் சேர்ந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பல்கலைக்கழகம் தன் மறைமுகச் செலவையும் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்க்கும் என்பதை மறந்து பட்ஜெட் போட்டால், கடைசி வாரத்தில் எல்லாம் உடையும். முதன்மை ஆய்வாளரின் பிரதான வேலையும் உங்கள் நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். முழுநேரப் பேராசிரியர்தான் தலைமை தாங்குவார் என்றால் ஆராய்ச்சி அமைப்போடு கூட்டாகச் செய்வதற்கான சகோதரத் திட்டமான எஸ்டிடிஆர் பக்கம் போங்கள். அங்கே நிறுவனம் குறைந்தது 40 சதவீதமும் ஆராய்ச்சி அமைப்பு குறைந்தது 30 சதவீதமும் வேலை செய்தால் போதும்.

பதிவுகளை இன்றே தொடங்குங்கள். சாம் (அரசிடம் பணம் பெறுபவர்களின் பதிவேடு), கிராண்ட்ஸ் டாட் கவ் (மானிய விண்ணப்பத் தளம்), ஈரா காமன்ஸ் (என்ஐஎச்-இன் விண்ணப்பத் தளம்), சிறுதொழில் நிர்வாகத்தின் நிறுவனப் பதிவேடு எல்லாம் தனித்தனி. சாம் பதிவில் நிறுவனப் பெயரும் முகவரியும் வரித்துறை ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். பதிவு இலவசம், பணம் கேட்டு வரும் கடிதங்கள் அரசிடமிருந்து வருபவை அல்ல. சாம் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

அடுத்தது தகுதி. 500 பேருக்கு மேல் ஊழியர் இருக்கக் கூடாது, லாப நோக்கு நிறுவனமாக இருக்க வேண்டும். இவற்றில் உங்களுக்குச் சிக்கல் வராது. வருவது உரிமையில்தான்: பாதிக்கு மேல் பங்கு அமெரிக்கக் குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் கையில் இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் சிறு பங்கு வைக்கலாம். ஆனால் ஆய்வாளராக வேலை செய்ய அந்த நிறுவனமே விசாவுக்கு மனுப்போட வேண்டும். கேட்டதற்கு இது நேர் பதில் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்கள் பச்சை அட்டைக்குப் பத்தாண்டுக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். வரி கட்டுகிறார்கள், கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் சொந்தக் கண்டுபிடிப்பின் நிறுவனத்தில் பாதியை வைத்துக்கொண்டால்கூட அந்த வரிப்பணத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. "புதுமையை வளர்க்கிறோம்" என்ற பேச்சுக்கு இதில் என்ன அர்த்தமோ தெரியவில்லை. அதற்காகப் பெயருக்கு ஒரு நண்பர் பேரில் 51 சதவீதத்தை எழுதிவைக்கும் வேலை வேண்டாம். விண்ணப்பத்தில் கொடுப்பது அரசுக்கான உறுதிமொழி; பொய் என்று தெரிந்தால் மானியம் மட்டும் போய் நிற்காது, பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்பார்கள்.

ஆதரவுக் கடிதங்களில் "அருமையான யோசனை" என்று மருத்துவர் எழுதித் தருவது வீண். "எங்கள் மருத்துவமனையில் மாதம் இத்தனை பாதப்புண் நோயாளிகள் வருகிறார்கள், இப்போது இப்படிப் பார்க்கிறோம், இந்தப் பிழை அளவுக்குள் இருந்தால் சோதித்துப் பார்ப்போம்" என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ-விடம் முன்கூட்டியே கேள்வி அனுப்பும் வசதிக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிப் பாதையைப் பற்றி எழுதும் பத்திக்கு வேறு கனம்.

முதல் முறை பெரும்பாலும் கிடைக்காது. மதிப்பெண் 10 முதல் 90 வரை, குறைவானதே நல்லது. கூட்டத்தில் விவாதிக்கவே எடுக்காவிட்டாலும் மதிப்பீட்டாளர்களின் எழுத்து விமர்சனம் வரும். அதே விண்ணப்பத்தைத் திருத்தி ஒரே ஒரு முறை, 37 மாதங்களுக்குள், 1 பக்க முன்னுரையோடு மறுபடி போடலாம். அந்த 1 பக்கத்தில் மதிப்பீட்டாளரோடு வாதாடாதீர்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், "தெளிவாக எழுதவில்லை, இன்ன பக்கத்தில் மாற்றியிருக்கிறோம்" என்று எழுதி, கேட்ட தரவைச் சேர்த்து அனுப்புங்கள்.