கதிர் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு போனில் எதைப் பதிவது? கேள்வி பதில்

நோவைத் தணிக்கும் கதிர்ச்சிகிச்சை முடிந்து திருகோணமலை மாவட்டத்து வீடுகளுக்குத் திரும்பிய புற்றுநோயாளரின் குடும்பத்தார் கேட்டவை இவை. கிளினிக் போனுக்கு அனுப்பும் அறிகுறிப் படிவத்தைப் பற்றியவையே கூடுதல். அதில் நோவை 0 (நோ இல்லை) முதல் 10 (ஆகக் கூடின நோ) வரை எண்ணால் போடவேண்டும்.

கிண்ணியா: உம்மாவுக்கு இடுப்பெலும்பில் ஒரே தடவை கதிர் கொடுத்தாங்க. மூன்றாம் நாள் நோ முந்தியைவிடக் கூடிட்டு. படிவத்தில் 8 போடவா, கொஞ்சம் குறைச்சுப் போடவா?

8 என்றால் 8 தான். ஒரே தடவையில் 8 கிரே (கதிரின் அளவு) கொடுத்தால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் பத்து நாட்களுக்குள் நோ கூடித்தான் தணியும். பெரும்பாலும் ஓரிரு நாள் இருக்கும். கதிரின் பலன் தெரிய 2 முதல் 4 கிழமை எடுக்கும். ஆகவே மூன்றாம் நாளின் 8-ஐ வைத்துக் கதிர் பலிக்கவில்லை என்று யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். ஆனால் வழமையான வேளைகளுக்கு இடையில், நோ கூடும்போது எடுக்கும் மோர்பின் அளவைக் கூட்டவேண்டுமா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். குறைத்துப் போட்டால் உம்மா அந்த நாட்களை வீணாக நோவோடு கடத்தவேண்டி வரும்.

2015-இல் வெளியான கனடிய ஆய்வில் 298 பேர் இருந்தார்கள். கதிருக்கு முன் தொடங்கி 5 நாள் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைத் தினமும் 8 மில்லிகிராம் எடுத்தவர்களில் 26 வீதத்தினருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 35 வீதத்தினருக்கும் இப்படி நோ கூடியது. இதை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், தந்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் அன்றன்றைய சீனி அளவையும் படிவத்தில் சேர்த்து எழுதுங்கள், இந்தக் குளிசை அதை ஏற்றிவிடும்.

தம்பலகாமம்: அப்பாவுக்கு 0 முதல் 10 என்ற கணக்குப் பிடிபடவில்லை. "நோகுது" என்று மட்டும் சொல்கிறார். நானே போடலாமா?

முதலில் இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டில் பத்துப் புளியங்கொட்டை வையுங்கள். "நேற்று இந்நேரத்திலிருந்து இப்போது வரை ஆகக் கூடின நோ எவ்வளவோ, அவ்வளவு கொட்டையை இந்தப் பக்கம் தள்ளுங்கோ அப்பா" என்று கேளுங்கள். தள்ளியதை எண்ணிப் போடுங்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நோயாளி சொல்வதைவிடக் கூட்டியே மதிப்பிடுவார்கள், அது பாசத்தால் வருவது. அவரால் முடியாத நாளில் நீங்கள் போட்டால் "மகன் போட்டது" என்று குறிப்பிடுங்கள்.

இரண்டு விசயம் பலர் விடுகிறார்கள். எண் கதிர் பட்ட இடத்துக்கு உரியதாக இருக்கவேண்டும். கதிர் முள்ளந்தண்டுக்கு என்றால் முழங்கால் நோவைத் தனியாக எழுதுங்கள். அடுத்தது, அன்று எடுத்த மோர்பின் மொத்தம். நோ 7-இலிருந்து 5-க்கு இறங்கியது என்று படிவம் காட்டலாம். ஆனால் அதே நாட்களில் மோர்பின் இரட்டிப்பானால் அது கதிரின் பலன் இல்லை. மருந்து கூடாமல் 2 புள்ளி இறங்கினால் கதிர் வேலை செய்கிறது என்று கணக்கெடுப்பார்கள்.

மூதூர்: எந்த அறிகுறிக்குப் படிவத்தை விட்டுவிட்டு ஓடவேண்டும்?

முள்ளந்தண்டில் நோய் உள்ளவர்களுக்கு முதுகு நோதான் பெரும்பாலும் முதலில் வரும், ஆனால் கால் முக்கிய எச்சரிக்கை. தினமும் காலையில் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். நேற்று எழும்பியவர் இன்று முழங்கால் மடிந்து விழுந்தால், கால் விறைத்தால், பின்பக்கமும் தொடையிடுக்கும் மரத்தால், சலம் போகாமல் அடைத்தால், நெஞ்சைச் சுற்றிப் பட்டி கட்டினாற்போல் புது நோ வந்தால் 1990-க்கு எடுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம், காசு கட்டத் தேவையில்லை. முள்ளந்தண்டு நரம்பு நசுங்கும்போது மணித்தியாலங்கள்தான் கணக்கு. நடக்கும் நிலையில் சிகிச்சை தொடங்கியவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார்கள், நடை முற்றாக நின்றபின் அதை மீட்பது அரிது. தயவுசெய்து முச்சக்கர வண்டியில் இருத்தி வைத்துக் கொண்டுபோக வேண்டாம். தட்டையாகப் படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும்.

வலிப்பு, மூச்சு முட்டல், மோர்பின் எடுத்தபின் எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றுக்கும் அதே இலக்கம்தான்.

வெருகல்: டேட்டா நிற்பதே இல்லை. படிவம் திறக்காது.

சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பலாமா, எந்த இலக்கத்துக்கு என்று கிளினிக் நாளிலேயே கேட்டு எழுதிவையுங்கள். ஒரே ஒழுங்கில் எழுதுங்கள்: "நோ 6, மோர்பின் 40 மி.கி, சத்தி 0, மலம் 2 நாள் இல்லை, கால் சரி." வட்ஸ்அப்பில் சாம்பல் நிறத்தில் இரண்டு சரி விழுந்தால் செய்தி மற்றப் போனுக்குப் போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம், யாரும் வாசித்ததாக இல்லை. வெள்ளி இரவு அனுப்பியது திங்கள் காலைவரை கிடக்கலாம். யார், எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள் என்று கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள். இந்த முறையில் அடிக்கடி பிசகுவது இங்கேதான்.

நிலாவெளி: எத்தனை நாளைக்கு ஒருக்கா?

கிளினிக் வேறு சொல்லாவிட்டால் முதல் 10 நாள் தினமும், பிறகு கிழமைக்கு ஒன்று, 6 கிழமை வரை. நோ 2 புள்ளி ஏறினால் முறை பார்க்காமல் உடனே அனுப்புங்கள்.

உவர்மலை: காய்ச்சலையும் எழுதவேண்டுமா?

ஆம். பனடோல் கொடுக்க முன் வெப்பமானி வையுங்கள், கொடுத்தபின் பார்த்தால் காய்ச்சல் மறைந்திருக்கும். அண்மையில் கீமோ ஏற்றியவருக்கு 38 பாகை வந்தால் படிவம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

குச்சவெளி: இப்படி எழுதி அனுப்புவதால் உண்மையில் பலன் உண்டா?

நியூயோர்க்கில் 766 பேரில் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. கணினியில் அறிகுறி பதிந்தவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 31.2 மாதம், வழமைபோல் கவனிக்கப்பட்டவர்களுக்கு 26 மாதம். அவர்கள் கீமோ எடுத்தவர்கள், ஆகவே அந்த எண்ணைக் கதிர் எடுத்த உங்கள் வீட்டாருக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கடுமையான அறிகுறி பதிவானதும் தாதிக்கு மின்னஞ்சல் போனது, அவர்கள் பெரும்பாலும் ஏதாவது செய்தார்கள். பார்க்க ஆளில்லாத படிவம் அந்த வேலையைச் செய்யாது.

மூதூர்: மோர்பின் தொடங்கி மூன்று நாளாக மலம் போகவில்லை.

இன்றே எழுதுங்கள். மோர்பினோடு மலமிளக்கியும் தினமும் போகவேண்டும், இறுகும்வரை காத்திருக்கக் கூடாது. மலத்தோடு சலமும் நின்றாலோ, தன்னறியாமல் போனாலோ அது மோர்பினின் வேலை என்று இருந்துவிடாதீர்கள். கால்களில் பலம் இருக்கிறதா என்று பாருங்கள், 1990-க்கு எடுங்கள்.