கலகலப்பான பாட்டியை 'மகிழ்ச்சியானவர்' என்று சொன்னால் போதுமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பாட்டிக்கு 80 வயது நிறைகிறது. ஏழு கறி விருந்துக்கு முன்னால் பேத்தி தமிழில் நாலு வரி பேச வேண்டும். 'எங்கள் பாட்டி எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பார்' என்று எழுதிக் காட்டினால், மாமா 'என்னமோ குறையுதே' என்கிறாராம். அகராதியில் உற்சாகம், குதூகலம், களிப்பு, கலகலப்பு என்று வரிசையாக இருக்கிறது. எதை எடுப்பது?

மாமா சொன்னது சரிதான். மகிழ்ச்சியும் சந்தோஷமும் மனசுக்குள் நடப்பவை. ஒரு காரணத்தால் வரும், அப்புறம் போய்விடும். பேரன் பரீட்சையில் தேறினால் மகிழ்ச்சி, மகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் சந்தோஷம். மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் 'கொந்தான்' என்ற ஒரே சொல் 'சந்தோஷம்', 'பிடிக்கும்' இரண்டுக்கும் ஓடுவதால், அதைப் பேசி வளர்ந்த பிள்ளைகள் தமிழிலும் ஒரு சொல்லையே எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொல்ல நினைப்பது பாட்டியின் சுபாவத்தை. அதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல சொல் கலகலப்பு.

'கலகல' என்பது ஒலிக்குறிப்பு. வளையல், சலங்கை, சில்லறைக் காசு, கூட்டமாகச் சிரிக்கிற சிரிப்பு எல்லாமே கலகலதான். ஆகவே கலகலப்பு வெளியே கேட்க வேண்டும், பக்கத்தில் நாலு பேர் வேண்டும். பந்தியில் வாழையிலை போட்டதும் ஒரு பெரியம்மா கறிச் சட்டியோடு வந்து, 'என்னப்பா மாப்பிள்ளை, பூசணிக்காயைக் கண்டா பயமா?' என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார். வரிசையே சிரிக்கும், கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளையும் சிரித்துவிடுவார். அந்தப் பெரியம்மாதான் கலகலப்பானவர். வீட்டுக்கும் இதே சொல்தான்: 'பிள்ளைகள் வந்ததும் வீடு கலகலன்னு ஆயிடுச்சு.'

ஒரே ஒரு எச்சரிக்கை. 'கலகலத்துப் போச்சு' என்றால் கட்டுவிட்டுச் சிதறிப்போனது என்று பொருள். 'பாட்டி வந்தால் குடும்பமே கலகலத்துப் போகும்' என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். 'கலகலப்பாகிவிடும்' என்று சொல்லுங்கள். சலசலப்பும் வேறு, அது கூட்டத்தில் எழும் முணுமுணுப்பு.

பாட்டி அதிகம் பேசாதவர், ஆனால் யார் வந்தாலும் முகம் மலர்ந்து வரவேற்பவர் என்றால் கலகலப்பு பொருந்தாது. 'சிரித்த முகம்' என்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் தமிழில் ஒருவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

மற்றவை? குதூகலம் லீவு விட்ட பிள்ளைகளுக்குப் பொருத்தம். உற்சாகம் ஒரு காரியத்தில் இறங்கும் வேகம். 80 வயதிலும் தைப்பூசக் காவடிக்குப் பூக்கட்ட முதல் ஆளாக வந்து உட்காருவார் என்றால், அங்கே 'உற்சாகமாக' என்று தாராளமாகப் போடலாம். களிப்பு வேண்டாம். இலக்கியத்தில் அழகாக வரும் சொல்தான், ஆனால் அதற்குக் குடிமயக்கம் என்ற பொருளும் உண்டு. குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தறியேன்' என்பது 'நான் குடித்ததே இல்லை' என்று சாதிப்பவனின் பேச்சு. உவகை தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. கவிதை எழுதினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு இப்படிப் பேசிப் பாருங்கள்: 'எங்க பாட்டி ரொம்பக் கலகலப்பானவங்க. அவங்க இருக்கிற இடத்துல யாரும் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க முடியாது. இன்னிக்கு அவங்களைச் சுத்தி இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க எனக்கு ரொம்ப மகிழ்ச்சியா இருக்கு.' நீங்கள் எழுதிய மகிழ்ச்சியை வீணாக்க வேண்டாம், அது உங்கள் மனசைச் சொல்லும் கடைசி வரியில் இருக்கட்டும்.