பிடி தளரும் கணம்: குதிரைப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

குதிரையேற்றம் கற்பிப்பதிலும் இளங்குதிரைகளைப் பழக்குவதிலும் இருபது ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சாட்டையை எடுக்காவிட்டால் குதிரை நம்மை மதிக்காது என்கிறார் எனக்குக் கற்பிப்பவர். அன்பாக நடத்தினால் அது தன் போக்கில் போய்விடாதா?

பதில்: அன்பு என்றதும், குதிரையிடம் எதையும் கேட்காமல் விட்டுவிடுவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நான் சொல்வது அதுவன்று. நாம் கொடுக்கும் அழுத்தத்தைவிட, அந்த அழுத்தத்தை விலக்கும் கணத்திலிருந்துதான் குதிரை கற்றுக்கொள்கிறது. முன்னே நடக்கச் சொல்லிக் கால்களால் அதன் விலாவை மெல்ல அணைக்கிறீர்கள் என்றால், அது ஓரடி எடுத்து வைத்த அதே நொடியில் உங்கள் கால்கள் தளர்ந்துவிட வேண்டும். செய்தது சரி என்பதை அதற்குத் தெளிவாக உணர்த்துவது அந்தத் தளர்வுதான். நடக்கத் தொடங்கிய பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால், நடந்தாலும் நடக்காவிட்டாலும் உதை உண்டு என்று அது தெரிந்துகொண்டு, நாளடைவில் காலின் குறிப்பையே பொருட்படுத்தாமல் போகிறது. இப்படி நம்மால் மரத்துப்போன குதிரையைத்தான் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தது என்றும் சொல்லி, அடுத்து சாட்டையை எடுக்கிறார்கள். அடிபட்ட குதிரையும் அசையாமல் நிற்கத்தான் செய்யும். ஆனால் தப்ப வழியில்லை என்று அடங்கிப்போன அமைதி வேறு, நம்பி நிற்கும் அமைதி வேறு. இறுகிய உதடும், கண்ணுக்கு மேலே எழும் சுருக்கமும், விறைத்த கழுத்தும் அந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. குதிரை துள்ளுநடைக்கு மாறியதும் பயந்து கடிவாள வாரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். எப்படித் திருத்துவது?

பதில்: குழந்தையைத் திருத்த வேண்டாம், வாரைச் சில வாரங்களுக்கு அவள் கையிலிருந்து வாங்கி வையுங்கள். கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறின்மேல் தங்குகிறது. மெல்லிய தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். தடுமாறும் கை ஒவ்வொரு முறையும் அங்கே வலியைத்தான் தருகிறது. அதனால் என்னிடம் புதிதாகக் கற்பவர்களை அனுபவமுள்ள ஒரு குதிரையில் ஏற்றி, நீண்ட கயிற்றின் முனையை நான் பிடித்தபடி வட்டமாக நடக்க விடுகிறேன். குழந்தை குதிரையின் கழுத்தில் கட்டிய வாரைப் பிடித்துக்கொள்ளலாம். குளம்போசைக்கு ஏற்ப உரக்க எண்ணச் சொல்லுங்கள்: எண்ணுகிறவள் மூச்சை அடக்கிக்கொள்ள முடியாது, மூச்சு சீரானால் இடுப்பும் தானே தளரும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்புவரை சாதுவாக இருந்த என் குதிரை, இப்போது சேணத்தைக் கண்டாலே காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருகிறது. கண்டிக்கலாமா?

பதில்: தயவுசெய்து கண்டிக்காதீர்கள். இந்தக் கேள்வியைப் படித்தபோது மனம் கனத்தது, ஏனெனில் வலியைச் சொல்ல அதற்கு வேறு வழியில்லை. முதலில் சேணத்தைப் பாருங்கள். பிடரி முடிந்து முதுகு மேடாக எழும் இடத்திலும் முதுகெலும்பின் மேலும் அது அழுந்தக்கூடாது. சவாரி முடிந்து கழற்றும்போது வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம். அடுத்தது வயிறு. குதிரையின் இரைப்பை இடைவிடாது அமிலத்தைச் சுரக்கிறது; அதைத் தணிப்பது புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர். நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கப் பிறந்த விலங்குக்கு இரு வேளை தானியத்தை மட்டும் வைத்து, இடையில் வெறும் வயிற்றோடு ஓட வைத்தால் இரைப்பைப் புண் வர இடமுண்டு. பல், முதுகு, குளம்பு அனைத்தையும் கால்நடை மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை சவாரியை நிறுத்துங்கள்.

கேள்வி: 2 வயதுக் குட்டியின் மேல் ஏறலாமா?

பதில்: நான் ஏறமாட்டேன். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகின்றன. தலைக்கயிற்றோடு நடப்பதும், நிற்பதும், கால் தூக்கிக் காட்டுவதும் இந்த வயதுக்குப் போதும்.

கேள்வி: நான் பயப்படுவது குதிரைக்குத் தெரியுமா?

பதில்: உங்கள் உடலில் அது வெளிப்படும் விதம் தெரியும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொல்வதாகப் புகழ்பெற்றிருந்தது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் ஆராய்ந்தபோது, சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரிடம் தன்னையறியாமல் நிகழ்ந்த மிகச் சிறிய தலையசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியது தெரியவந்தது. அவ்வளவு நுட்பமாக நம்மைப் பார்க்கும் விலங்கிடம் பயத்தை மறைக்க முயல்வதைவிட, ஏறுவதற்கு முன் அருகில் நின்று மூச்சை நீளமாக விட்டுத் தோள்களைத் தளர்த்துவது பயன்தரும்.

கேள்வி: பரிசாகக் கேரட் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் கேட்டதைச் செய்த மறுநொடியே கொடுங்கள், தாமதித்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. சட்டைப்பையை முகர்ந்து தள்ளத் தொடங்கினால் தீனியை நிறுத்திவிட்டு, பிடரி முடியும் இடத்தில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கோதிவிடும் இடம் அதுதான். அங்கே சொறியும்போது இதயத் துடிப்பு தணிவதை அளந்தே கண்டிருக்கிறார்கள்.