செயலியில் முதலில் வரைய வேண்டியது திருத்தப் பக்கம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறேன். சிப்காட் ஆலைகளுக்கும் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் மோட்டார், குழாய் வேலைக்கு 60 பேர் போய்வருகிறார்கள். அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் இருவர். வேலை நேரத்தைப் பதிவு செய்ய ஒரு செயலி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் இருக்கும் இடத்தைப் பதிவு செய்யலாம் என்கிறார் எழுதும் தம்பி. அது போதுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அந்த ஐந்து நிமிடப் பதிவைக் கைவிடுங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், ஆட்கள் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவைப்பார்கள், குவிந்து கிடக்கும் புள்ளிகளை வைத்து யாரும் சம்பளம் போடவும் முடியாது. சம்பளக் கணக்குக்கு வேண்டியவை வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும்தான். அந்த இரண்டு முறை மட்டும் இடத்தைக் குறித்தால் போதும். தேவைக்கு மேல் தனிநபர் விவரம் திரட்டாமல் இருப்பதையே 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதிர்பார்க்கிறது.

திறந்த வெளியில் செல்போன் ஏறத்தாழ ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும். முந்திரித் தோப்புக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ அது வெகுவாக விலகும். ஆகவே வேலையிடத்தைச் சுற்றி 150 மீட்டர் வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியிலிருந்து அழுத்தினாலும் பதிவை மறுக்காமல், ஒரு குறியோடு ஏற்றுக்கொண்டு சூப்பர்வைசர் பார்வைக்கு அனுப்புங்கள். வந்து நிற்கும் மனிதரைப் பார்த்து வரவில்லை என்று செயலி சொல்லக் கூடாது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களிலும் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானபோது, சிக்னல் கிடைக்காமல் வருகை விடுபட்டதாகப் பல மாநிலங்களில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். அந்த நிலை உங்கள் ஆட்களுக்கு வேண்டாம்.

சிப்காட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. தீப்பற்றும் வேதிப்பொருள் கையாளும் ஆலைகளில் சாதாரண செல்போனை உள்ளே விடமாட்டார்கள். எனவே அங்கே பதிவு நடக்கும் இடம் வாசல்தான். வாசலில் போனை ஒப்படைத்து, பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போவதற்குள் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உண்டு என்பதே என் கருத்து. செல்போன் இல்லாதவர்களுக்கு மேஸ்திரியின் போனில் குழுவாகப் பதிவு செய்யும் வழியும் இருக்கட்டும்.

சிக்னல் இல்லாதபோது பதிவு போனிலேயே தங்கியிருக்க வேண்டும். ஒருநாள் பதிவு தங்கினால் போதும் என்று கணக்கு போட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கிய பிறகு நம் மாவட்டம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்துவிட்டால், இருமுறை அனுப்பப்பட்டாலும் இரண்டு நாளாகக் கணக்கில் ஏறாது. போன் காட்டும் நேரத்தை யாரும் மாற்றிவைக்கலாம். ஆனால் போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் உள்கடிகாரத்தைத் திருப்ப முடியாது. இரண்டையும் சேமித்தால் சர்வரோடு இணையும்போது உண்மை நேரம் தெரிந்துவிடும். இடையில் போன் அணைந்து எழுந்திருந்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும், அதற்கும் ஒரு குறி வேண்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தில், சூப்பர்வைசர் ஒரு பதிவைத் திருத்தினால் பழையது அழிந்துவிடும். வெல்டர் ஒருவர் தம் சட்டைப்பை டைரியோடு வந்து, மூன்று நாள் மிகுநேரக் கூலி (ஓவர்டைம்) எங்கே என்று கேட்டார். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பணம் கிடைக்காமலே போனார்.

ஆகவே தம்பியிடம் திருத்தப் பக்கத்தை முதலில் வரையச் சொல்லுங்கள். பழைய பதிவு அழியாமல் நிற்க, திருத்தம் புதிய வரியாகச் சேர வேண்டும். திருத்தியவர் பெயர், நேரம், காரணம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் தொழிலாளியின் போனிலும் அன்றே தெரிய வேண்டும். 'இது சரியில்லை' என்று அவர் ஒரே அழுத்தில் சொல்ல இடம் கொடுங்கள். எழுதத் தயங்குபவர்கள் குரலில் பேசி அனுப்பட்டும்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் இருவரையும் இந்த வாரமே தம்பியோடு உட்கார வையுங்கள். மாதக் கடைசியில் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தால் பாதி வடிவமைப்பு முடிந்துவிடும். முக்கியமான பொறி 8.30. எட்டரை மணி நேரத்தை 8.30 என்று எழுதி, மணிக்கு 90 ரூபாயால் பெருக்கினால் 747 ரூபாய் வரும். சரியான தொகை 765. நாளுக்கு 18 ரூபாய், 26 நாளுக்கு 468 ரூபாய் ஒருவரின் கூலியிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும். நேரத்தை நிமிடங்களாகவே சேமியுங்கள். திரையில் மட்டும் மணியாகக் காட்டுங்கள்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் எந்தத் தேதியைச் சேரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தொடங்கிய தேதி என்று வைத்தால் குழப்பம் குறைவு. கூலி, பிடித்த விகிதங்களைச் செயலிக்குள் நிலையாக எழுதிவிடக் கூடாது; ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதோடு தனிப் பட்டியலில் இருக்கட்டும். 2019 ஜூலை 1 அன்று ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது. அதற்கு முந்தைய மாத நிலுவையைப் பிறகு கணக்கிட்டால் பழைய விகிதம் வேண்டும் அல்லவா? வேலையிடத்தோடு அது எந்த அரசின் எல்லை என்பதையும் சேர்த்து வையுங்கள். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பே வேறு.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். 26 முதல் 25 வரை என்று கணக்கு மாதத்தை வைத்தால், தொழிலாளர்கள் பார்த்து மறுப்புச் சொல்ல நாலைந்து நாள் கிடைக்கும்.

முதலில் பத்துப் பேரை மட்டும் வைத்து ஒரு சம்பள மாதம் ஓட்டிப் பாருங்கள். மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவு நோட்டு பக்கத்திலேயே தொடரட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வரும் ஒவ்வொரு நாளையும் கணக்குப் பார்ப்பவர்கள் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும். அந்த மாதம் ஐப்பசியோ கார்த்திகையோ ஆக இருந்தால் நல்லது. மழையில் நனைந்த விரல் திரையில் பதிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.