ரிப்போர்ட்டில் '92 குரோமோசோம்': கோளாறு பெற்றோரிடமா?

கேள்வி: எனக்கு வயது 31. முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. கருத்திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் '92, எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய், டெட்ராப்ளாய்டி' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. யாரும் விளக்கிச் சொல்லவில்லை. 'உங்கள் இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும். இருவரும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அடுத்த முறை ஐ.வி.எஃப். செய்து கருவைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார் ஒரு சிகிச்சை ஒருங்கிணைப்பாளர். செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டிக் கேட்டால் இரண்டுமே தேவையில்லை.

முட்டையிலிருந்து 23, விந்தணுவிலிருந்து 23, ஆக 46 குரோமோசோம்களுடன் கரு தொடங்குகிறது. முதல்முறை பிரிவதற்கு முன் அந்த 46-ம் நகலெடுக்கப்பட்டு, ஆளுக்கு 46 என்று இரண்டு செல்களுக்குப் போக வேண்டும். உங்கள் கருவில் அநேகமாக நடந்தது இதுதான்: நகலெடுப்பு நடந்தது, பிரிந்து ஒதுங்குவதும் நடந்தது; செல் மட்டும் இரண்டாகப் பிளக்கவில்லை. இரண்டு குடித்தனத்துக்குச் சாமான் பிரித்துவைத்த பிறகு நடுச்சுவர் எழும்பாமல் போன மாதிரி. அந்த ஒரே செல்லில் 92 தங்கிவிட்டது. அதிலிருந்து வந்த எல்லாச் செல்களிலும் 92. 23 என்பது ஒரு தொகுதி, 92 என்றால் நான்கு தொகுதி; 'டெட்ராப்ளாய்டி' என்பது அதுதான்.

'எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய்' என்ற எழுத்துகளும் இதையே சொல்கின்றன. எக்ஸ்ஒய் என்ற சாதாரண ஆண் கரு அப்படியே இரட்டித்திருக்கிறது. நான்கு தொகுதி உள்ள கருக்களில் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ் அல்லது எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய் என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். ஆகவே பெரும்பாலான நேரம் இது கரு உருவான பிறகு நடந்த விபத்து. நீங்கள் சாப்பிட்டதோ, தூக்கியதோ, அலைந்ததோ காரணமில்லை. பெற்றோரின் குரோமோசோமில் துண்டுகள் இடம் மாறியிருந்தால் கருவில் ஏதோ ஒரு துண்டு கூடும் அல்லது குறையும்; முழுத் தொகுதி இரட்டிக்காது. அடுத்த கர்ப்பத்திலும் இதுவே நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாக இல்லை.

இரட்டிப்பது தன்னளவில் விஷமும் அல்ல. உங்கள் கல்லீரலில் இப்போதே 92 குரோமோசோம் உள்ள செல்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. பருத்தி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் நான்கு தொகுதிப் பயிர்கள்தான். செடி தாங்கும், மனிதக் கருவுக்கு முதல் நாளிலிருந்து எல்லாச் செல்லும் அப்படி இருந்தால் வளர்ச்சிக் கணக்கு தப்பிவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடும்.

இனி அந்த ஒருங்கிணைப்பாளர். அவர் விற்கும் கருப் பரிசோதனை, பரவலாகச் செய்யப்படும் விதத்தில், குரோமோசோம்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது கூடுதல், எது குறைவு என்று பார்க்கிறது. 21-ம் எண் மட்டும் மூன்றாக இருந்தால் அது உடனே தனித்துத் தெரியும். எல்லாமே நான்கு நான்காக இருந்தால்? இரண்டு தட்டிலும் எடை இரட்டித்தால் தராசு சாயாது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனைக்கும் இதே குருட்டுப்புள்ளி. உங்களுக்கு நேர்ந்ததைக் கண்டுபிடிக்கவே லாயக்கில்லாத சோதனையை உங்கள் துக்கத்தைக் காட்டியே விற்கிறார்கள். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட் கைபேசிக்கு வந்துவிடுகிறது, அதை விளக்க வேண்டியவர் வருவதில்லை, அந்த இடைவெளியில் தரகர் நுழைகிறார். இரண்டு வரி விளக்கம் சேர்த்து அனுப்ப ஆய்வகத்துக்கு என்ன கேடு?

ரிப்போர்ட்டில் ஒன்று பாருங்கள்: எண்ணிய எல்லாச் செல்களிலும் 92 இருந்ததா? சிலவற்றில் மட்டும் என்றால் அது ஆய்வகத் தட்டில் வளர்க்கும்போது இரட்டித்ததாக இருக்கலாம். அப்படியானால் கரு கலைந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களை விடமாட்டேன். நான்கு தொகுதியில் மூன்று தந்தையிடமிருந்து, சில சமயம் நான்குமே தந்தையிடமிருந்து வந்திருக்கலாம். அபூர்வம், ஆனால் உண்டு. அப்போது நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல் நீர் கோத்து வளரும். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்களே, அது. குரோமோசோம்களை எண்ணும்போது 92 என்று தெரியும், எக்ஸ், ஒய் எத்தனை என்று தெரியும். எது யாருடையது என்று தெரியாது. எக்ஸ்எக்ஸ்ஒய்ஒய் என்று வந்ததாலேயே இந்தச் சந்தேகம் நீங்கிவிடாது. ஆகவே திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பெத்தாலஜி ரிப்போர்ட் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பாதுகாத்து வைத்த திசுவை இப்போதாவது பார்க்கச் சொல்லுங்கள். முத்துப்பிள்ளை என்று உறுதியானால் கர்ப்ப ஹார்மோன் இயல்புக்கு இறங்கும்வரை திரும்பத் திரும்ப ரத்தத்தில் அளக்க வேண்டும், மருத்துவர் சொல்லும்வரை அடுத்த கர்ப்பம் கூடாது. சிலருக்கு அந்தத் திசு மீண்டும் வளர்ந்து புற்றுநோய் மருந்து தேவைப்படும் அளவுக்குப் போகும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ரத்தப்போக்கு நிற்காமல் தொடர்ந்தாலும் காத்திருக்காதீர்கள்.

அது இல்லையென்று தெரிந்துவிட்டால், மனமும் உடலும் தயாரானதும் முயலலாம். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் மறுபடி அழைத்தால், 'எல்லாக் குரோமோசோமும் சமமாக நான்கு இருந்தால் உங்கள் சோதனை காட்டிக்கொடுக்குமா?' என்று மட்டும் கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.