செயின்சா முக்கி முனகினால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

கேள்வி: பாலிக் புலாவில் எங்களுக்குச் சின்ன டுரியான் தோட்டம். 50 சிசி செயின்சாவை 4 மாதமாகத் தொடவில்லை. இப்போது 20, 30 தடவை இழுத்தால்தான் உயிர் வருகிறது. வந்தாலும் திராட்டிலை அமுக்கியதும் அடங்கி நின்றுவிடுகிறது. புது பிளக் போட்டும் பயனில்லை. கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகிப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஸ்குருவில் கை வைக்காதீர்கள். 4 மாதத்துக்கு முன் நன்றாக ஓடிய மிஷினில் ஸ்குரு தானாகத் திரும்பியிருக்காது. திராட்டில் கொடுத்ததும் அடங்குகிறது என்றால், கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டேங்கில் கிடக்கும் பழைய கலவையை முழுக்க ஊற்றிவிடுங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஆவியாக வேண்டியது ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படியும். புதிதாகக் கலக்கும்போது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல டூ-டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது), அதாவது 50:1. கண்ணளவு வேண்டாம், அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

அடுத்து, டேங்க் வாய்க்குள் வளைத்த கம்பியை விட்டு ஃபில்டரை வெளியே இழுங்கள். பழுப்பாகக் கெட்டித்திருந்தால் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள், விலை கொஞ்சம்தான். பெட்ரோல் குழாய் ஃபில்டரோடு சேரும் இடத்தை விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

பிறகு பிளக். முழு சோக்கில், அதாவது காற்றை அடைக்கும் விசையை முழுக்க மூடி, 6, 7 தடவை இழுத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மூழ்கடித்துவிட்டது. மூழ்கடிப்பதற்குக் காரணம் பல நேரம் நம் கைதான்: முழு சோக்கில் இழுக்கும்போது மிஷின் ஒரு தடவை 'டப்' என்று இருமும். அந்த நொடியில் பாதி சோக்குக்கு வந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே போனால், எத்தனை பிளக் மாற்றினாலும் நனையும். நனைந்துவிட்டால் சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமல், சோக்கை எடுத்துவிட்டு 10 தடவை இழுங்கள். பிளக்கைத் துடைத்து, இடைவெளி 0.5 மில்லிமீட்டர் வைத்துப் போடுங்கள்.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால், என் சந்தேகம் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் மேல்தான். மூடியைத் திறந்து அந்த மெல்லிய கறுப்புத் தகட்டை எடுத்துக் காதருகே லேசாக வளையுங்கள். நல்லது சத்தமே போடாது. கெட்டது காகிதம் மாதிரி சரசரக்கும். விறைத்துப்போன அது பெட்ரோல் வரும் ஊசியைத் திறக்க முடியாமல் கிடக்கிறது. கார்புரேட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கான டயஃப்ரம் கிட்டையே (டயஃப்ரம், கேஸ்கெட் அடங்கிய செட்) ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள்.

மாட்டும்போது நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. வழக்கமான வால்ப்ரோ, ஜாமா கார்புரேட்டர்களில் ஊசி இருக்கும் பக்கம் முதலில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய தாள்), அதன்மேல் டயஃப்ரம். பெட்ரோலை இழுக்கும் பம்ப் பக்கம் அப்படியே தலைகீழ்: முதலில் டயஃப்ரம், பிறகு கேஸ்கெட். கழற்றும்போதே போனில் ஒரு படம் பிடித்துவிட்டால் குழப்பம் வராது. பம்ப் மூடிக்கு அடியில் நகத்தளவு கம்பி வலை ஒன்று இருக்கும். அதில் அடைத்த பிசினையும் கார்புரேட்டர் கிளீனரால் கழுவுங்கள்.

10 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்றால் கதை வேறு. உடனே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, மிஷின் மறுபடி ஓடினால் டேங்க் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. மூடி திறந்தும் பயனில்லாமல், ஆறிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆனால் பொறி தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். ஐடிலில், அதாவது திராட்டிலைத் தொடாமல் ஓடும்போது, வேகம் ஏறி இறங்கினாலோ, மிஷினைச் சாய்த்ததும் வேகம் மாறினாலோ எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரில் தேடுங்கள். மஃப்ளர் வாயில் இருக்கும் வலையில் கரி அடைத்தாலும் மிஷின் பலமிழக்கும். பித்தளை பிரஷால் தேய்த்தால் போதும்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரு. எச் (முழு வேகத்துக்கான ஸ்குரு), எல் (குறைந்த வேகத்துக்கான ஸ்குரு) இரண்டையும் மெதுவாக முட்டும்வரை மூடி, ஒரு சுற்று திறந்தால் பெரும்பாலான மிஷின் ஓடத் தொடங்கும். சங்கிலி ஐடிலில் சுற்றவே கூடாது. முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது லேசாகக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். வேகம் வேண்டும் என்று எச் ஸ்குருவை இறுக்கி, கீச்சென்று அலறவிட்டால் பெட்ரோலோடு வரும் எண்ணெய் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பிஸ்டன் ஏற்கெனவே கீறியிருக்கிறதா என்று பார்க்க, மஃப்ளரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். நீளவாக்கில் கோடுகள் தெரிந்தாலும், பிளக் போட்டபடியே இழுப்புக் கயிற்றைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டால் தடையில்லாமல் சரசரவென்று இறங்கினாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) போய்விட்டது. அப்போது டயஃப்ரம் கிட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். சிலிண்டர் பிஸ்டன் செட்டின் விலையைக் கேட்டு, புது மிஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.